மேகத்துக்கு மேலே ஒரு மிளகாய்

அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை. பிறந்த அன்று மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தி, முகமெல்லாம் சிவந்து கிடந்தாளாம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மிளகாய் மாதிரி இருக்கே!" என்றாராம். அவ்வளவுதான். பத்து வருடமாக அவள் மிளகாய்தான்.

மிளகாயின் அம்மாவுக்கு வேலை, படம் பார்ப்பது.

சினிமாப் படம் இல்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிற விண்வெளி நிலையத்தின் ஜன்னல் ஓரமாக ஒரு கேமராவை மாட்டி வைத்திருக்கிறார்கள். கீழே தெரிவதை எல்லாம் அது தானாகவே படம் பிடித்துக்கொண்டே இருக்கும். அங்கே தங்கியிருக்கிற விண்வெளி வீராங்கனை தூங்கினாலும் கேமரா தூங்காது. இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிற மேகங்களின் படங்கள் அம்மா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வரும்.

"மின்னலைப் பார்க்க எதுக்கும்மா அவ்வளவு உயரம் போகணும்? நம்ம மொட்டைமாடியிலேருந்தே தெரியுதே" என்று மிளகாய் ஒருமுறை கேட்டாள்.

"நமக்குத் தெரியறது கீழே வர்ற மின்னல். நாங்க தேடறது மேகத்துக்கு மேலே கிளம்பற வெளிச்சம்."

"மேலே வேற கிளம்புமா?"

"கிளம்பும். விமானம் பறக்கிறதை விட ஏழு எட்டு மடங்கு உயரத்துல, சிவப்பா. நீ கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள வந்துட்டுப் போயிடும். கீழேருந்து பார்த்தா மேகம் மறைச்சுடும். அதான் மேலேருந்து பார்க்கிறோம்."

அந்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புது வடிவத்தை யார் முதலில் பார்க்கிறாரோ அவரே பெயர் வைக்கலாம். ஆனால் அது காய்கறிப் பெயராக இருக்க வேண்டும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று யாருக்கும் நினைவில்லை. அவர் அன்றைக்குப் பசியோடு இருந்திருக்க வேண்டும். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் கேரட், முள்ளங்கி, காலிஃபிளவர் என்று வரிசையாக எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைச் சந்தைக்குப் போகிற சீட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, அப்பா வெளியூர் போயிருந்ததால், அம்மா மிளகாயையும் அவள் தம்பியையும் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். தம்பிக்கு ஆறு வயது. உள்ளே நுழைந்ததும் ஒரு சுழல் நாற்காலியைப் பிடித்து, நிற்காமல் முந்நூறு சுற்றுச் சுற்றினான். முந்நூற்றொன்றாவது சுற்றில் ஆய்வுக்கூடத் தலைவர் வந்து நாற்காலியை நிறுத்தினார்.

தலைவர் ஆள் பெரியவர். சிரிப்பு அவரை விடப் பெரியது. அவர் சிரித்தால் அடுத்த அறையில் மேஜை மேல் இருக்கிற பேனாக்கள் உருண்டு கீழே விழும்.

"அங்கிள், விண்வெளியில துணியை எங்க காயப்போடுவாங்க?" என்று கேட்டான் தம்பி.

"துவைச்சாத்தானேடா காயப்போட! அங்கே துவைக்கிறதே கிடையாது. தண்ணி அவ்வளவு அருமை. நாத்தம் தாங்கலைன்னா தூக்கிப் போட்டுட்டு வேற போட்டுப்பாங்க."

தம்பி வாயைப் பிளந்தான். பெரியவன் ஆனதும் விண்வெளிக்குப் போவது என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டான்.

மிளகாய் அம்மாவின் தோள் மேல் மோவாயை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம், மின்னல், மேகம், மின்னல்.

"அம்மா, நிறுத்து! முந்தின படத்துக்குப் போ!"

அம்மா போனாள். வெளுத்த மேகத்துக்கு மேலே சிவப்பாக ஒன்று நின்றது. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் கூராக, லேசாக வளைந்து. தடித்த முனையில் பச்சையாக ஒரு விளிம்பு. காம்பேதான்.

"மிளகாய்!" என்று கத்தினாள் மிளகாய்.

தலைவர் ஓடி வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். அதே இரவில் எடுத்த இன்னும் மூன்று படங்களில் அந்த மிளகாய் இருந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி.

"பச்சை எப்படி சார் வரும்?" என்று அம்மா சந்தேகமாகக் கேட்டாள்.

"ஏன் வராது? அந்த உயரத்துல ஆக்சிஜன் பச்சையா ஒளிரும்!" என்றார் தலைவர். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் பெரியவர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வருமோ! அவர் பேனாவை மிளகாயின் கையில் கொடுத்தார். "கண்டுபிடிச்சது நீ. எழுது."

காலிஃபிளவருக்குக் கீழே அவள் தன் பெயரை எழுதினாள். 'ளகா' கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, புதிய வெளிச்சத்தைப் பற்றிய அறிக்கை உலகத்தில் உள்ள எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் போவதாக முடிவாயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. வகுப்பு ஆசிரியை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் மிளகாய் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை பக்கத்து வகுப்புகளிலிருந்து கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி வந்து, ஷாக் அடிக்கிறதா என்று அவள் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அடிக்குதா?"

"லேசா" என்று சொல்லிவிட்டு அந்தக் குட்டி ஓடிப்போனாள்.

புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை. வானம் சீக்கிரமே இருட்டிவிட்டதால் பேருந்துக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். மிளகாய் ஜன்னல் ஓரம். பக்கத்தில் தம்பி, அவனை விட இரண்டு மடங்கு பெரிய மஞ்சள் ரெயின்கோட்டுக்குள் எங்கேயோ இருந்தான்.

"அக்கா, அங்க பாரேன்! என் ரெயின்கோட் வானத்துல பறக்குது!"

பார்த்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், கட்டடங்களுக்கு மேலே, கரிய மேகத்தில் மஞ்சள் ரெயின்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி கையை ஆட்டினான். மேகத்திலிருந்த ரெயின்கோட்டும் கையை ஆட்டியது.

மிளகாய் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு கைகளையும் முகத்தின் இருபக்கமும் குவித்து, பேருந்து விளக்கை மறைத்து, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். ரெயின்கோட் காணோம். மழையும் மேகமும் மட்டும்தான். கையை எடுத்தாள். ரெயின்கோட் வந்துவிட்டது. மறுபடி மறைத்தாள். போய்விட்டது.

விண்வெளி நிலையத்திலும் ஜன்னல் இருக்கிறது. உள்ளே விளக்கும் இருக்கிறது.

மிளகாய் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, பையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா, பஸ் ஒத்துக்கலையா? வாந்தி வருதா?"

"ஒண்ணுமில்ல. பேசாம வா."

வீட்டில் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே சாப்பாடு எடுத்து வைத்தாள். அம்மா பாடுவதே வருடத்துக்கு இரண்டு முறைதான். அதில் ஒரு முறை குளியலறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்து. அதைப் பாட்டு என்று அப்பா மட்டும்தான் சொல்வார்.

"பதினொரு வருஷமா படம் பார்க்கிறேன்" என்றாள் அம்மா. "அறிக்கையில என் பேரு முதல் வரியில வர்றது இதுதான் முதல் தடவை. தெரியுமா?"

"ம்" என்றாள் மிளகாய். சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

படுத்தபடி யோசித்தாள். சொன்னால் பலகையிலிருந்து பெயர் போய்விடும். அறிவிப்புப் பலகை, கையெழுத்து எல்லாம் போகும். அந்த இரண்டாம் வகுப்புக் குட்டி என்ன சொல்வாள்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளைக்குத் தெரியாது. அப்புறம் எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். அறிக்கையை எடுத்து முதல் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். சிரிப்பார்.

அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. தூக்கமும் சரியாக வரவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு சொன்னாள்.

"அம்மா, அந்த மிளகாய் வானத்துல இல்லைன்னு நினைக்கிறேன்."

"துப்பிட்டு வந்து பேசு."

துப்பிவிட்டு வந்து பேசினாள். பேருந்து, ரெயின்கோட், கை குவித்துப் பார்த்தது, எல்லாவற்றையும். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆனா கண்ணாடியில தெரியற உருவம்னா ஒரே இடத்துலதானே இருக்கணும்? இது படத்துக்குப் படம் நகருதே."

"அங்கேதான் எல்லாமே மிதக்குமேம்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மின்னலே இல்லாத படம் இருக்காம்மா?"

"ஆயிரக்கணக்கா இருக்கும். ஆனா எங்ககிட்ட வராது. மின்னல் இருக்கிற படத்தை மட்டும்தான் கணினி எடுத்துக் கொடுக்கும். மிச்சத்தைக் குப்பைப் பெட்டியில போட்டுடும். குப்பையை யாரும் பார்க்கிறதில்லை."

"நாம பார்ப்போம். மின்னலே இல்லாத படத்துலயும் மிளகாய் இருந்தா…"

"…அது வானத்து மிளகாய் இல்லை" என்று முடித்தாள் அம்மா. மிளகாயின் வாயோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டாள். "செருப்பைப் போடு. உங்க டீச்சருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

தம்பியைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர்கள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. தலைவர் புதுச்சட்டையில் நின்றார். சட்டையின் மடிப்புகள் அப்படியே நின்றன. மேஜை மேல் மிளகாய் வடிவத்தில் ஒரு கேக் இருந்தது. அதற்குப் பச்சைக் காம்புகூட வைத்திருந்தார்கள்.

"வா வா வா! கதாநாயகியே வந்தாச்சு!" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். மிளகாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் பார்த்தது. நானே சொல்றேன்."

கேக்கைப் பார்க்காமல் சொல்ல முயன்றாள். கேக் பெரிதாக இருந்ததால் முடியவில்லை. கேக்கைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

தலைவர் சிரிக்கவில்லை. பேனாக்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அறையில் இருந்த மற்ற ஆய்வாளர்கள் ஐந்து பேரும் தலைவரையே பார்த்தார்கள்.

"குப்பையைத் திற" என்றார் அவர்.

அம்மா திறந்தாள். அந்த இரவின் படங்கள் மட்டும் ஆயிரத்து நானூறு கிடந்தன. முதல் படம்: மேகமே இல்லாத கடல், நிலா வெளிச்சம். கடலுக்கு மேலே நிம்மதியாக ஒரு மிளகாய்.

இரண்டாவது படம்: பாலைவனம். அங்கேயும் மிளகாய்.

மூன்றாவதில் ஒரு நகரத்து விளக்குகள். மேலே மிளகாய், தலைகீழாக.

"போதும்" என்றார் ஒருவர்.

"போதாது" என்றார் தலைவர். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தார். "அடுத்தது."

நாற்பதாவது படத்தில் மிளகாய் கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் மிதந்து வந்திருந்தது. கூரான முனையில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நூல் பிரிந்திருந்தது.

எந்த மின்னலிலும் நூல் பிரியாது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பத்தரை மணிக்கு விண்வெளி நிலையத்தோடு பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். திரையில் வீராங்கனையின் முகம் வந்தது. தலைமுடி நாலாபக்கமும் நின்றது.

"வணக்கம்! புது மின்னலுக்கு வாழ்த்துச் சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். மிளகாயைத் திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

"அக்கா" என்றாள் மிளகாய். "கேமரா ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், விளக்குக்கிட்ட, சிவப்பா ஏதாவது இருக்கா? விளிம்பு பச்சையா இருக்கும். நுனியில ஓட்டை இருக்கும்."

வீராங்கனை நெற்றியைச் சுருக்கினார். திரையிலிருந்து மிதந்து போனார். கொஞ்ச நேரம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. பிறகு ஒரு கூச்சல்.

"என் சாக்ஸ்!"

ஒற்றைச் சாக்ஸை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "மூணு வாரமா தேடறேன்! விளக்குக்குப் பின்னாடி கம்பியில மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டிருக்கு! உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? பூமியிலேருந்து என் சாக்ஸ் தெரியுதா?"

அப்போதுதான் தலைவர் சிரித்தார். பேனாக்கள் உருண்டன. கேக்கின் காம்பு விழுந்தது. புதுச்சட்டையின் மேல் பொத்தான் ஒன்று தெறித்துப் போய் எங்கேயோ ஒளிந்துகொண்டது. அதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"ஆறு பேர்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆறு பேரும் சேர்ந்து நூற்றிருபது வருஷம் படிச்சிருப்போம். பளிச்சுனு இருக்கிற படத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம். ஒருத்தராவது குப்பையைத் திறந்தோமா?"

மிளகாய் பலகையிடம் போனாள். கோணலாக இருந்த தன் பெயரைத் தானே துணியால் துடைத்தாள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சட்டென்று போய்விட்டன. 'ளகா' மட்டும் அழுத்தித் தேய்த்த பிறகுதான் போயிற்று.

பதினொரு மணிக்கு அந்த அறிக்கை போகவில்லை. பன்னிரண்டரைக்கு வேறோர் அறிக்கை போயிற்று. விண்வெளி ஜன்னல் வழியாகப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் மின்னல் இல்லாத படங்களையும் எடுத்துச் சரிபார்க்க வேண்டும், ஏன் என்றால் இதுதான் காரணம் என்று. நாற்பதாவது படத்தையும் கூடவே இணைத்திருந்தார்கள். முதல் வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. இரண்டே நாளில் நான்கு ஆய்வுக்கூடங்களிலிருந்து பதில் வந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தின் படங்களில் கரண்டி கிடைத்ததாம்.

கேக்கை என்ன செய்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். கேக்கில் பிழை ஒன்றும் இல்லையே.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் மிளகாய் மேடை ஏறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். "நான் புது மின்னல் எதுவும் கண்டுபிடிக்கலை. ஒரு சாக்ஸைத்தான் கண்டுபிடிச்சேன்" என்று ஆரம்பித்தாள். பேசி முடிப்பதற்குள் தலைமையாசிரியரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். இரண்டாம் வகுப்புக் குட்டி கை தூக்கினாள்.

"சாக்ஸ் தொட்டா ஷாக் அடிக்குமா?"

நான்கு மாதம் கழித்து வீராங்கனை பூமிக்குத் திரும்பினார். அடுத்த வாரமே மிளகாய் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. தம்பிதான் பிரித்தான், அவனுக்கு முன்னால் யாரும் எதையும் பிரித்துவிட முடியாது. உள்ளே மூன்று பொருள்கள்.

முதலாவது ஒரு படம். வெளுத்த மேகத்துக்கு மேலே உயரத்தில், சிவப்பு வெளிச்சம் ஒன்று நூறு வேர்களாகப் பிரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேரும் தலைமுடியைப் போல மெலிதாக, தெளிவாக. 'பிம்பம் விழாமல் எடுத்த முதல் படம்' என்று பின்னால் எழுதியிருந்தது.

இரண்டாவது, பச்சை விளிம்பு வைத்த ஒற்றைச் சிவப்புச் சாக்ஸ்.

மூன்றாவது ஒரு தாள். விண்வெளி நிலையத்தில் கேமராப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் வேலைப்பட்டியலின் நகல். யார் அங்கே போனாலும், படம் எடுப்பதற்கு முன்னால் அதை வரிவரியாகச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும்.

"அக்கா!" என்று தம்பி அலறினான். சாக்ஸை முகர்ந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போயிருந்தான். "நிஜமாவே துவைக்கவே இல்லை!"

அது மிளகாயின் காதில் விழவில்லை. அவள் அந்தத் தாளின் முதல் வரியைப் பதினான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

'1. மிளகாய்ச் சோதனை: விளக்கை அணை. ஜன்னலைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டு. சாக்ஸை எண்ணு.'